மேரி தட்டிய கதவு

நான் அறைக்குள்தான் இருந்தேன். தட்டுவது மேரி என்று தெரிந்தும் கதவைத் திறக்கவில்லை. இதை என் கணவரிடம் சொன்னதில்லை, ஜெபத்தில்கூடச் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்...

புணேயை அடுத்த தேஹு ரோடு ஊரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் நான், பள்ளி ஆசிரியை. மணிப்பூரில் ஒரு சிற்றூர்ப் பள்ளியின் ஆசிரியர்களுக்கு ஆங்கிலப் பயிற்சி கொடுக்க, கோடை விடுமுறைக்குச் சற்று முன்னால் போயிருந்தேன். கலவரம் ஓய்ந்துவிட்டது என்றார்கள். நம்பினேன்.

மேரி அந்தப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை. எனக்குக் காரம் வேண்டும் என்று மிளகாயைத் தனியாக வறுத்துக் கொண்டுவருவாள். நான் தனியாக இருக்கிறேனே என்று மாலைதோறும் வந்து பேசிக்கொண்டிருப்பாள்.

ஒரு பிற்பகல் கடைத்தெருப் பக்கமிருந்து புகை எழுந்தது. கூச்சல் நெருங்கி வந்தது. பள்ளி வளாகத்தில் நான் தங்கியிருந்த விருந்தினர் அறையைத் தாழிட்டுக்கொண்டு நின்றேன். அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

"மேடம், மை மேரி! ஜல்தி கோலியே!"

சீக்கிரம் திறக்கச் சொல்கிறாள். என் கை தாழ்ப்பாளில்தான் இருந்தது. ஆம், தாழ்ப்பாளில்தான்! இவளை உள்ளே விட்டால் இவள் இனத்தாரைத் தேடி வருபவர்கள் என்னையும்... அதற்குமேல் நினைக்க முடியவில்லை. மூச்சுச் சத்தம் வெளியே கேட்டுவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் இன்னொரு முறை கூப்பிட்டாள், அழுகிற குரலில். பிறகு ஓடும் காலடிகள்...

மறுநாள் ராணுவ வண்டி என்னை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டது. வழியில் மேரியைப் பற்றி ஒருவரிடமும் நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே!

புணேயில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. என் கணவர் செல்வின் புதிய ஏர்கூலர் மாட்டியிருந்தார். பெட்டி நிறைய ஹாபூஸ் மாம்பழம் வாங்கி வைத்திருந்தார். நன்றாகத் தூங்கு என்றார். எங்கே தூங்குவது? காலிங்பெல் அடித்தால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பேன்.

"மம்மி, கூரியர் அங்கிள்தான் வந்தாங்க. ஏன் இவ்ளோ டர்? எதுக்குப் பயப்படறீங்க?" என்று என் மகள் ஜெனி கேட்டாள்.

ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும்படி போதகர் கேட்டுக்கொண்டார். என்ன துணிச்சல் எனக்கு! மைக்கைப் பிடித்துக்கொண்டு, "கூட்டம் என் அறையைக் கடந்து போயிற்று. தாழிட்ட கதவுக்குள் தேவன் என்னை மறைத்து வைத்தார்" என்றேன். சபையே 'ஆமென்' என்றது. ஜெனி அதைத் தன் போனில் வீடியோ எடுத்தாள்.

அன்று பிற்பகலே மேரி அழைத்தாள். உயிரோடு இருக்கிறாள்! ஒரு கணம் மகிழ்ந்தேன். ஒரே ஒரு கணம்...

அடைக்கலம் கேட்டு அவள் வரவில்லையாம். என்னை அழைத்துப் போகத்தான் வந்தாளாம். வாசல் கேட்டில் அவளுடைய அண்ணன் ஸ்கூட்டரோடு காத்திருந்தானாம், எங்கள் இருவரையும் ராணுவ முகாமில் சேர்க்க. அவள் தட்டிக்கொண்டிருந்தபோதே கூட்டம் கேட்டுக்கு வந்துவிட்டது. அவள் பின்சுவர் ஏறித் தப்பித்தாள். அண்ணனை அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை.

"நீங்க அதுக்கு முன்னாடியே கிளம்பிட்டீங்கல்ல, மேடம்?" என்று இந்தியில் கேட்டாள்.

"ஆமாம்" என்றேன்.

"அதுபோதும், கடவுளுக்கு நன்றி" என்று அழுதாள்.

பக்கத்தில் இருந்த செல்வின், "பாவம் அந்தப் பிள்ளை. இங்க வரச் சொல்லு ஸ்டெல்லா. ஏதாவது ஸ்கூல்ல வேலை பார்த்துக் குடுப்போம்" என்றார். நான் தயங்குவதற்குள் போனை வாங்கி அவரே அழைத்துவிட்டார்.

மேரி வந்துவிட்டாள். ஜெனியின் அறையில்தான் தங்கியிருக்கிறாள். அந்த வீடியோவை அழித்துவிடு என்று ஜெனியிடம் எப்படிச் சொல்வது, என்ன காரணம் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோதே, நேற்றுக் காலை அந்த அறையிலிருந்து என் குரலே எனக்குக் கேட்டது!

"தீதீ, மம்மி தமிழ்ல பேசறாங்க. நான் இந்தில சொல்றேன்" என்று ஜெனி மேரிக்கு ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கதவு, தாழ்ப்பாள், கடந்துபோன கூட்டம்... எல்லாம் சொன்னாள். நான் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அச்சா" என்றாள் மேரி. அவ்வளவுதான்.

சற்று நேரத்தில் சமையலறைக்கு வந்தாள். என் கையிலிருந்த பீன்ஸ் தட்டை வாங்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்து நறுக்கத் தொடங்கினாள். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் கேட்டுவிட்டால் என்ன சொல்வேன்? கேட்காமலே இருந்துவிட்டால்?

"சின்னதா நறுக்கணுமா?" என்று கேட்டாள்.

"ம்" என்றேன்.

இன்றும் அவள் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இதோ, பக்கத்து அறையில் அவளுடைய அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். அந்த மொழி எனக்குப் புரியாது...