ஒன்ஸ்மோர் விழாத நடிகைக்கு மெடல் இல்லை

நேற்று டாக்கி கொட்டகையில் மெடல் கொடுத்தார்கள்!

வாசகசாலைப் பலகையில் இதைக் குத்துவதற்கு முன், ஒழுங்காகப் பிரித்துக்கொள்கிறேன். (ஓய்வு பெற்றாலும் வாத்தியார் வாத்தியார்தான்.)

1. மெடலுக்குப் போட்டியிட்டவர்கள் யார்.
2. விடுபட்டவர் யார், ஏன்.
3. நான் வாயைத் திறந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது.
4. கீழே பென்சிலால் கருத்து எழுதுகிறவர்கள் பெயரையும் எழுதவும். (போன தடவை என்னைக் கழுதை என்றவர் யாரென்று இன்னும் தெரியவில்லை.)

இந்த வருஷம் ஓடும் படங்களில் நன்றாக நடிப்பவர்களுக்கு மெடல் தருவதாகக் கொட்டகை முதலாளி வருஷத் தொடக்கத்திலேயே அறிவித்தார். கமிட்டியில் மூன்று பேர்: முதலாளியின் மைத்துனர், ஓர் இளம் வக்கீல், நான்.

நல்ல நடிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? மைத்துனருக்கு அதில் சந்தேகமே இல்லை.

"சனம் எதுக்கு ஒன்ஸ்மோர் கேக்குதோ அதாக்கும் வே நல்ல நடிப்பு. நீரு எண்ணிக்கிட்டு வாரும், போதும்."

நம் கொட்டகை வழக்கம் தெரியுமல்லவா? பாட்டு பிடித்துவிட்டால் கூட்டம் ஒன்ஸ்மோர் என்று கத்தும். ஆபரேட்டர் ரீலைத் திருப்பிச் சுற்றி மறுபடி ஓட்டுவார். செத்த கதாநாயகன் எழுந்து, இன்னொரு முறை பாடிவிட்டுச் சாவான்!

நான் வருஷம் முழுவதும் நோட்டில் கோடு போட்டேன்.

சிறந்த நடிகர் பட்டியலில் மூன்று பெயர்கள் தேறின.

ஒருவர், மார்பில் அம்பு தைத்த பிறகு நாலு பாட்டுப் பாடியவர்.

இன்னொருவர், ராஜாவாக இருந்தபோதும் பிச்சைக்காரனாக ஆனபோதும் ஒரே முகத்தோடு இருந்தவர்.

மூன்றாவது, ஒரு குதிரை. (கதாநாயகனைக் கீழே தள்ளியதற்கு ஐந்து ஒன்ஸ்மோர். நான் ஆட்சேபிக்கவில்லை. மூவரில் பாடாமல் நடித்தது அது மட்டும்தான்.)

சிறந்த நடிகைக்கு இரண்டு பேர். அதில் ஒருவருக்கு மழித்த மீசையின் பச்சை கடைசி பெஞ்சு வரை தெரியும்.

விடுபட்டவள் ரோசம்மாள். முட்டத்துப் பெண்.

ஒரு படத்தில் ஒரே ஒரு காட்சியில் வருகிறாள். மகனின் உடலைக் கொண்டுவந்து கிடத்துகிறார்கள். தாய் பாடவில்லை, மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. குனிந்து, அவன் கால்விரல் இடுக்கில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிடுகிறாள். அவ்வளவுதான்.

கொட்டகையில் கடலை உடைக்கும் சத்தம்கூட நின்றுபோனது.

யாரும் ஒன்ஸ்மோர் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? பிணத்தை இன்னொரு தடவை தூக்கிக்கொண்டு வா என்றா?

என் நோட்டில் அவள் பெயருக்கு நேரே பூஜ்யம்!

அவள் அண்ணன் மிக்கேல் என்னிடம் படித்தவன். முட்டத்தில் மீன் வியாபாரம். சினிமாவில் நடித்தவள் என்று தங்கையை வீட்டில் சேர்க்கவில்லை. தாய் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். மகள் கோட்டாற்றில் ஒரு தையற்காரி வீட்டில் ஒண்டியிருக்கிறாள்.

மெடல் விழாச் செய்தி பரவியதும் மிக்கேல் என்னைத் தேடி வந்தான்.

"சாரே, ஊருல எனக்குத் தலைய நிமித்த முடியல்ல. பெரிய மனுசரு நாலுபேரு அவள மேடையில ஏத்தி ஒரு மெடலு குத்தட்டும். பெறவு எவன் என்ன பறஞ்சாலும் நான் கையோட கூட்டிட்டுப் போறேன். அம்மையும் அவளக் கேட்டுக்கிட்டேதான் கெடக்கா."

கமிட்டி கூடியது. நான் பட்டியலை வாசித்தேன்.

"வேற பேரு உண்டுமா வே?" என்றார் மைத்துனர், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே.

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். நோட்டில் பூஜ்யம் அப்படியே இருந்தது.

"இல்ல" என்றேன்.

நேற்று மதியக் காட்சிக்கு முன் விழா. அம்பு தைத்தவருக்கு ஒரு மெடல். மீசை மழித்தவருக்கு ஒரு மெடல். இருவரும் வரவில்லை, இருவருக்காகவும் மைத்துனரே வாங்கிக்கொண்டார்! (குதிரைக்கு ஆறுதல் பரிசாவது உண்டா என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.)

கடைசிப் பெயர் வாசித்து முடிந்ததும் மிக்கேல் எழுந்து வெளியே நடந்தான். பெண்கள் பக்கத்திலிருந்து ரோசம்மாள் ஓடி வந்தாள்.

"அண்ணே, அம்மைக்கு எப்பிடி இருக்கு?"

"ஒனக்கென்னத்துக்குட்டி அது? போ, போயி நடி."

அவன் வண்டியேறிப் போய்விட்டான். அவள் திரும்பியபோது நான் நின்றுகொண்டிருந்தேன். கும்பிட்டாள்.

"சாரே, நோட்டுல எனக்கு எத்தன விழுந்துது?"

"பாத்துச் சொல்லுகேன் மக்களே" என்றேன். (பார்ப்பதற்கு அதில் என்ன இருக்கிறது!)

இதுவரை எழுதி மையைக் காயவிட்டபோது வக்கீல் வாசகசாலைக்குள் வந்தார். என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். மேலே எண் போட்டதில் மூன்றாவது வரியில் விரலை வைத்தார்.

"இது யாரு சொன்னா சாரே?"

"மைத்துனரு ஒத்துக்கிட மாட்டாரு. நீங்களும் ஒண்ணும் பேசல்லியே?"

"நல்லாருக்கு! எனக்கு ஒண்ணாங் கிளாசுல எழுத்துச் சொல்லித் தந்தது நீங்க. நீங்க இருக்கச்சில நான் முந்தி வாயத் தொறப்பனா? அவளுக்க பேரச் சொல்லுவீங்களோ சொல்லுவீங்களோன்னு ஒங்க மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். சொல்லியிருந்தா நாம ரெண்டு பேரு, அவரு ஒருத்தரு."

எண்ணிப் பார்த்தேன். மூன்று பேரில் இரண்டு பேர். வருஷம் முழுவதும் கோடு போட்டு எண்ணியவனுக்கு இது எட்டவில்லை.

நாளைக் காலை ரோசம்மாளை அழைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் முட்டம் போகிறோம். மெடல் கிடையாது. பெரிய மனுஷர் நாலு பேர் வேண்டுமென்று மிக்கேல் கேட்டான். இரண்டுதான் தேறியிருக்கிறது (அதிலும் ஒன்று சந்தேகம்). மிக்கேல் கதவைத் திறப்பானா, தெரியாது.

"அங்க போயி யாரு சாரே முதல்ல பேசுகது?" என்று வக்கீல் கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

மேலே மூன்றாவதாக எழுதியிருப்பது தவறு. மை காய்ந்துவிட்டதால் அழிக்காமல் விட்டிருக்கிறேன். மன்னிக்கவும்.