குன்னர் என்று ஒரு பெயர்

மகன் பிறந்த ஒன்பதாம் நாள், துபாய் அல் கூஸில் நாங்கள் வேலை பார்த்த டைல்ஸ் கிடங்கில், என் கழுத்தை அறுக்க வந்தான் என் ரூம்காரன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், எங்கள் ஊர்ப்பக்கம்தான். காலை டியூட்டிக்கே குடித்துவிட்டு வருகிறான், யாரையாவது நசுக்கிவிடுவான் என்ற பயத்தில் சூப்பர்வைசரிடம் சொன்னது நான்தான். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். அவனுடைய லீவை ரத்து செய்துவிட்டார்கள்.

"என் லீவக் கெடுத்துட்டு நீ மட்டும் போயி புள்ள மொகத்தப் பாத்துருவியாடா?" என்று அட்டைப்பெட்டி கிழிக்கும் கட்டரோடு பாய்ந்தான். தடுத்த என் கையில் தோல் பிளந்தது. அடுத்த வீச்சு கழுத்துக்கு வந்தபோது சூப்பர்வைசர் அவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். நார்வேக்காரர், ஆறடிக்கு மேல் உயரம். பெயர் குன்னர்.

கட்டர் கீழே விழுந்தது. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அவன் முகத்தை டைல்ஸ் அடுக்கில் மோதினார். விழுந்தவன் கையை பூட்ஸ் காலால் மிதித்தார். விரல் ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. "கலாஸ் சார், கலாஸ்! போதும்!" என்று அவர் காலைக் கட்டிக்கொண்டு கத்தினேன்.

மத்தியானம் கையில் தையலோடு மனைவிக்குப் போன் போட்டேன். பிள்ளை திருவாதிரை, 'கு'வில் பெயர் சொல்லுங்கள் என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். உயிரைக் காப்பாற்றியவர் பெயரையே வைப்போம் என்றேன்.

"குன்னரா? குன்றக்குடியப் பாதியா வெட்டுன மாதிரி இருக்கு. சரி, அர்த்தம் என்னன்னு கேட்டுச் சொல்லுங்க. நாளைக்குக் காதுல சொல்லணும்."

அவரிடமே கேட்டேன். வீங்கிய கைமுட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தவருக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் நாட்டுப் பழைய மொழியாம். முன்பாதிக்குப் போர், பின்பாதிக்குப் போர்வீரன். "பகுத் ஸ்ட்ராங் நேம், பாய்" என்றார் தனக்குத் தெரிந்த இந்தியில். சட்டையில் இன்னும் ரத்தம் இருந்தது.

எட்டாவதோடு நின்றது என் படிப்பு. பெயரின் அர்த்தம் பிள்ளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று நம்புகிறவன் நான்.

போலீஸ் வேண்டாம், விசாவை கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று ஆபீஸில் முடிவு செய்திருந்தார்கள். ரூமில் அவன் கட்டுப்போட்ட கையோடு, பொரோட்டாவைப் பிய்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தான். நான் பிய்த்துப் போட்டேன். வாய் சும்மா இல்லாமல் பெயர் விஷயத்தையும் சொல்லிவிட்டேன்.

"அந்தாளு பேரா? வையி, வையி. நாளைக்கு எவன் கையயாச்சும் ஒடிச்சுட்டு வந்து நிப்பான். நீ பக்கத்துல ஒக்காந்து பொரோட்டா பிச்சுப் போடு."

உடனே மனைவியைக் கூப்பிட்டேன்.

"அந்தப் பேரு வேணாம். போருன்னு அர்த்தமாம். குமரன்னு சொல்லிரு."

"குமரன் கையில மட்டும் பூவா இருக்கு? வேல்தானங்க?"

"குமரன்தான்" என்றேன்.

வீடியோவில் பிள்ளையைக் காட்டினாள். இரண்டு கைகளையும் இறுக மூடித் தூங்கிக்கொண்டிருந்தான். விரலைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். பிரித்தாள். அவள் விட்டதும் மறுபடி மூடிக்கொண்டான்.