தொப்புளில் வைத்த டேப்

இன்று ஜூஜுவாடியில் எங்கள் ஃபேக்டரியில் சுகர் கேம்ப். வரிசையில் நின்ற என்னைப் பார்த்து ஷிஃப்ட் தோழன் பசவராஜ், "ஏன் குரு, ஒல்லிக்குச்சி உனக்கெல்லாம் எதுக்கு இது?" என்றான்.

சுவரில் ஒட்டியிருந்த எடை சார்ட்டும் அவன் கட்சிதான். என் உயரத்துக்கு என் எடை சரி.

"இடுப்பளவு?" என்றார் டாக்டரம்மா.

"முப்பத்திரண்டு" என்றேன். கல்யாணத்திலிருந்து அதே அளவு என்ற பெருமை வேறு.

"அது பேண்ட் சைஸ் சார். தொப்பைக்குக் கீழ எறக்கிக் கட்டினா எப்பவும் முப்பத்திரண்டுதான்."

சிரித்துக்கொண்டே தொப்புளில் டேப்பை வைத்தார். முப்பத்தெட்டு.

"எடை சரியாத்தானே மேடம் இருக்கு?"

"அந்தச் சார்ட் வெள்ளைக்காரங்களுக்குப் போட்டது. நம்மாளுங்களுக்கு எடை கம்மியா இருந்தாலும் வயித்துல கொழுப்பு சேர்ந்தா சுகர் வந்துடும்."

விரலில் குத்திப் பார்த்தார்கள். வந்துவிட்டிருந்தது. இன்று நேற்று வந்ததல்ல என்றார்.

"கால்ல புண் ஏதாவது?"

"விரல்ல சேஃப்டி ஷூ கடிச்சது ஒண்ணு, மாசக்கணக்கா ஆறல. ஆனா வலியே இல்ல மேடம்!"

சாக்ஸைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

"வலிக்கலன்னா நரம்பு செத்துப்போச்சுன்னு அர்த்தம். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. அந்தக் கால் விரலை எடுக்க வேண்டி வரலாம்."

வீட்டுக்காரியிடம் இன்னும் சொல்லவில்லை. நான் எதைச் சொன்னாலும் முதலில் சிரித்துவிடுவாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.