சார்ட்டில் என் முழு வட்டம்

பத்து நாள் டிரெயினிங்கில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது, ஏசி அறையில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவது. ஒரகடத்தில் கார் ஒயர்களைச் சேர்த்துக் கட்டும் கம்பெனி அது. கனெக்டரைச் சொருகுவதற்கு மட்டும் நாற்பது ஸ்லைடு. தள்ளு, 'க்ளிக்' சத்தம் கேள், இழுத்துப் பார். அவ்வளவுதான் விஷயம். பரீட்சையில் தொண்ணூற்றாறு வாங்கினேன். அசெம்பிளி லைனுக்கு மேலே தொங்கும் சார்ட்டில் என் போட்டோவுக்குப் பக்கத்தில் முழு வட்டம் போட்டார்கள். அடுத்தவருக்குச் சொல்லித்தரும் அளவுக்குக் கைதேர்ந்தவன் என்று அர்த்தம். அதுவரை நான் லைனைக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருந்தேன்.

உள்ளே போனால், அந்த இரைச்சலில் க்ளிக் என்ன, பக்கத்தில் வெடி வைத்தாலும் கேட்காது. அடுத்த ஸ்டேஷனில் பிள்ளைப்பாக்கத்துப் பெண், என் வயதுதான், நாலு வருடமாகக் காண்டிராக்ட். நான் முழித்ததைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா முழு வட்டம், காதை வச்சிக்கினு இன்னா பண்றே? கட்டை விரலுக்கு அடியில லேசா ஒரு துடிப்பு வரும் பாரு. அதான் லாக்கு."

அந்தத் துடிப்பு பிடிபட எனக்கு மூன்று வாரம் ஆனது. அவளுக்குச் சார்ட்டில் கால் வட்டம்தான். பரீட்சைத் தாள் இங்கிலீஷில், அதனால் மூன்று முறை ஃபெயில். அரை வட்டமாவது இல்லாமல் பர்மனென்ட் லிஸ்டில் பேர் ஏறாது.

கார் கம்பெனிக்காரர்கள் ஆடிட்டுக்கு வந்த அன்று காலையில் சூப்பர்வைசர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"எது கேட்டாலும் டிரெயினிங்ல கத்துக்கினேன்னு சொல்லு. உன் கன்ஃபர்மேஷன் என் டேபிள்ள கீது."

ஆடிட்டர் சார்ட்டைப் பார்த்தார். நேராக என்னிடம் வந்தார். ஒரு கனெக்டரைச் சொருகினேன்.

"இந்தச் சத்தத்துல லாக் ஆச்சுன்னு எப்படித் தெரியுது?"

"விரல்ல தெரியும் சார்."

"பரவாயில்லையே! யார் சொல்லிக்கொடுத்தாங்க?"

அவள் ஒரு கை தூரத்தில் நின்றாள். கையைக் காட்டியிருந்தால் போதும், அவளைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருப்பார். சூப்பர்வைசர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிரெயினிங்ல சார்," என்றேன். அன்று நாக்கு கூசவில்லை. இப்போதுதான் கூசுகிறது.

ஆடிட்டர் எழுதிக்கொண்டு நகர்ந்தார். அவள் கையை நீட்டி, நான் சொருகிய கனெக்டரைக் கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்தினாள். அது பாதிதான் ஏறியிருந்தது.