அக்கா கையெழுத்திட்ட அறிக்கை

அக்கா நம்மை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று உறவினர்கள் நீங்கள் கேட்டுக்கொண்டீர்கள். உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் கேட்டீர்கள். கேட்டிருக்க வேண்டாமே என்று படித்து முடித்தபின் சிலருக்குத் தோன்றலாம்.

பஞ்சாலைத் தொழிலாளியின் மூத்த மகளாகப் புதுச்சேரியில் பிறந்தார் அக்கா. கருவடிக்குப்பத்தில் ஒற்றை அறை வீடு. அப்பாவின் ஆலை மூடிக் கிடந்த மாதங்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தே தம் படிப்பைத் தொடர்ந்தார். உலோகவியல் வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். முனைவர் பட்டம் பெற்று, வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

செம்பு மிகக் குறைவாக உள்ள கல்லிலிருந்து செம்பைப் பிரித்தெடுப்பது அவருடைய வேலை. கல்லை மாவாக அரைத்துத் தண்ணீரில் கலக்கி, சிறிது எண்ணெய் சேர்த்துக் காற்றை ஊதினால் செம்புத் துகள்கள் நுரையில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். மற்றது அடியில் தங்கும். எந்த எண்ணெய், எவ்வளவு, எத்தனை நிமிடம் என்று கண்டறிய இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கல்தூசியில் நின்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

ஒரு சுரங்க நிறுவனம் அனுப்பிய கற்களில் அவருடைய முறை அருமையாக வேலை செய்தது. அங்கே செம்பு ஆலை கட்டலாம் என்ற அறிக்கையில் ஆய்வுக்கூட இயக்குநரும் அக்காவும் கையெழுத்திட்டார்கள். ஆனால் அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. தாமே சுரங்கத்துக்குப் போய்ப் பல இடங்களில் கல்லெடுத்து வந்து சோதித்தார். பாதிச் செம்புகூட வரவில்லை. ஆலைக்குக் கடன் வாங்குவதற்காக, நிறுவனத்தார் நல்ல கற்களாகப் பொறுக்கி அனுப்பி ஏமாற்றியிருந்தார்கள். அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும், ஆலை கட்டக் கூடாது என்று இயக்குநருக்குக் கடிதம் கொடுத்தார். இயக்குநர் அக்காவை நூலகத்துக்கு மாற்றினார். அந்தக் கடிதத்தின் அலுவலக முத்திரை விழுந்த நகலை அக்கா எனக்குத் தபாலில் அனுப்பினார். வந்து சேர்ந்ததைத் தொலைபேசியில் சொன்னேன்.

“பத்திரமா வையிடா தம்பி. இங்க என் மேசையக்கூட பூட்ட உடமாட்டேங்கறாங்க.”

“சரிக்கா, பீரோவுல வச்சிட்றேன்.”

வைக்கவில்லை. தட்டாஞ்சாவடியில் என் லேத் பட்டறையில் ஒரு மூலையில் போட்டேன். பட்டறையை இடம் மாற்றியபோது பழைய பேப்பர்காரரிடம் மற்றதோடு அதையும் தூக்கிக் கொடுத்துவிட்டேன். அன்று மாலையே நினைவு வந்தது. தேடிப் போகவில்லை.

ஆலையைக் கட்டினார்கள். போதிய செம்பு கிடைக்காமல் இரண்டே ஆண்டில் மூடினார்கள். வேலை இழந்தவர்களின் மனைவிமார் அக்காவின் குடியிருப்புக்கு வந்து மண்ணை வாரித் தூற்றினார்கள். ஆய்வுக்கூடத்தில் விசாரணை நடந்தது; அக்காவிடமிருந்து அப்படியொரு கடிதமே வரவில்லை என்று அதில் இயக்குநர் சொன்னார். அக்காவின் குறிப்பேடுகள் அதற்கு முன்பே காணாமல் போயிருந்தன. நகலைத் தேடி அக்கா ஊருக்கு ஓடிவந்தார்.

“அந்தக் கவரக் குடுடா.”

“எந்தக் கவரு?”

“நான் அனுப்புனனே. வந்துச்சின்னு நீதான போன்ல சொன்ன?”

“நான் எப்பக்கா சொன்னேன்? எனக்கு எதுவும் வரலியே. அனுப்பணும்னு நெனச்சிருப்ப.”

அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. மறுநாள் அந்தத் துணிவு இன்னும் குறைந்தது. அந்த வாரமே, மறதிக்கென்று நானே அவரை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார் மருத்துவர். அக்கா பிசகாமல் கழித்துவிட்டு அழுதார்.

“நகல் அனுப்பியதாக நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை” என்று விசாரணையில் அவரே சொன்னார். அதை எழுதிக்கொண்டார்கள். ஓய்வுபெறச் சில மாதங்கள் இருக்கையில், தவறான அறிக்கை தந்தார் என்று பணிநீக்கம் செய்தார்கள்.

என் வீட்டு மாடியில் கழிந்த கடைசி ஆண்டுகளில் அடுப்பை அணைத்தோமா என்று நான்கு முறை போய்ப் பார்ப்பார். காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த, அக்காவின் பழைய மாணவி ஒருவர் அங்கே பாடம் நடத்த அழைத்தார். அக்கா பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்துவிட்டார். “நடுவுல மறந்துட்டா அசிங்கம்டா” என்றார்.

கல்தூசி நுரையீரலைத் தின்றிருந்தது. மருத்துவமனையில், பேச முடிந்த கடைசி நாளில், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒன்னப் போயி சந்தேகப்பட்டுட்டேன் தம்பி. கவர நீ தொலைச்சிட்டன்னு மனசுக்குள்ளயே திட்டிக்கினு இருந்தேன். மன்னிச்சிட்றா.”

“பரவால்லக்கா” என்றேன்.

மூச்சுத் திணறலில் அக்காவைத் தாங்கிப் பிடித்த செவிலியர்களுக்கும், கடைசிவரை வந்து அவரிடம் ஆராய்ச்சி பற்றிப் பேசிக்கொண்டிருந்த அந்த மாணவிக்கும், இறுதி ஊர்வலத்தில் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்கா போனபின், நடந்ததை எல்லாம் ஆய்வுக்கூடத்துக்கு எழுதி அனுப்பினேன். கோப்பு முடிக்கப்பட்டது என்று ஒரு வரி பதில் வந்தது.

அக்கா கணக்கில் தவறிவிட்டார், அவருக்கு மறதி என்று உங்கள் வீடுகளுக்கு வந்து சொன்னவன் நான். அது பொய். இந்த மலரை என் மனைவி மக்களும் உங்களோடு சேர்ந்துதான் இன்று முதன்முறையாகப் படிக்கிறார்கள். பந்தி தொடங்குமுன் இது உங்கள் கைக்கு வரும். என் வீட்டில் கை நனைக்க மனமில்லாமல் எழுந்து போகிறவர்களை நான் தடுக்க மாட்டேன்.

தம்பி