தோள்வலிக்கு விளக்கெண்ணெய் குடித்த கதை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், மலாயாவின் ஈப்போவிலிருந்து மாட்டு வண்டியில் அரை நாள் தூரத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நடந்தது இது. எனக்கு இப்போது எழுபது வயது நெருங்குகிறது. ஆனாலும் நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது நான் தோட்டத்துப் பயில்வான். மாரியம்மன் திருவிழாவில், கோயில் முன்னால் கிடக்கும் உருண்டைக் கல்லைத் தூக்கித் தோளில் ஏற்றி முதுகுப் பக்கம் தள்ள வேண்டும். மூன்று வருடம் தொடர்ந்து நான்தான் தூக்கினேன். கல் ஏறும் தோளை மாற்றினால் பலம் இறங்கிவிடும் என்று எங்களைப் போன்ற கல் தூக்கிகளுக்கு ஒரு நம்பிக்கை. அந்தத் தோளை உரமேற்றுவதாக நினைத்து, தினமும் ரப்பர் பால் வாளிகளைக்கூட அதே வலது தோளில்தான் சுமந்தேன். காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் நிறைந்த வாளிகள், பால் கொட்டகை வரை ஒரு மைல் நடை. தோளில் காய்த்துப்போன தடத்தை ஊருக்கே காட்டித் திரிந்தேன்.

நான்காவது வருடம் கை தூக்க முடியவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்ற முடியாது, சட்டை போட முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு எட்டு மாதம் ஓட்டிவிட்டு, தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே மருந்து கொடுக்கிறவரை டிரஸ்ஸர் என்போம். அந்த மனிதர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. என் தோளைத் தொட்டுப் பார்க்கவும் இல்லை.

"கல்லு தூக்குற பயலுக்குத் தோள் வலிக்குதாம்லா! வேலைக்கு டிமிக்கி கொடுக்க நல்லா நடிக்கிறடா," என்றார்.

ஒரு குவளையில் விளக்கெண்ணெயை ஊற்றி நீட்டினார். தோளில் தடவத்தான் என்று நான் கையில் ஊற்றப் போனேன். அங்கேயே நின்று குடிக்கச் சொன்னார்! தோள்வலிக்கு வயிற்றைக் கழுவிவிட்ட வைத்தியத்தை நீங்கள் எங்காவது கேள்விப்பட்டதுண்டா? இரண்டு நாள், தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கும் கொல்லைக்குமாக நடந்ததுதான் மிச்சம். மூன்றாம் நாள் விடிகாலைப் பெரட்டில், ஆள் கணக்கு எடுக்கும்போது, எங்களை வேலை வாங்கும் தண்டல் எல்லோர் காதிலும் விழும்படி, "இனிமே வலின்னு வந்தா பேரை வெட்டிருவேன்" என்றார். பேரை வெட்டினால் லயத்து வீடும் போய்விடும். வீட்டில் மனைவியும் மூன்று மாதக் கைக்குழந்தையும் இருந்தார்கள்.

வாயை மூடிக்கொண்டு சுமந்தேன். ஒரு நாள் பாதி வழியில் வாளிகளை இறக்கிவிட்டு, தோளைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அழுதேன். எனக்குப் பக்கத்து நிரையில் மரப்பட்டையை வெட்டிப் பால் எடுக்கும் பெண் ஒருத்தி பின்னால் வந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். அவளும் வாளிகளை இறக்கினாள்.

"உங்களுக்கும் விளக்கெண்ணெய்தானா அண்ணே?" என்றாள்.

"உனக்குமா?"

"போன வருஷம் குடிச்சேன். அதுக்கப்புறம் அந்த ஆளுகிட்ட நான் போகல."

அவளாகவே தன் தோளைச் சரிசெய்துகொண்ட கதையைச் சொன்னாள். பால் சிந்தினால் தண்டல் திட்டுவார் என்று பயந்து ஒரே தோளில் சுமந்தவள், பிறகு பாதைத் திருப்பத்துக்கு ஒரு தரம் தோள் மாற்றப் பழகியிருக்கிறாள். ராத்திரியில் சூடான உப்பு ஒத்தடம். காலையிலும் மாலையிலும் குனிந்து நின்று, பால் பிடிக்கும் மங்கில் மண்ணை நிரப்பிக் கையில் தொங்கவிட்டு, தொட்டில் மாதிரி மெதுவாக ஆட்டியிருக்கிறாள்.

"உனக்கும் இப்படி வலிச்சுதுன்னு ஏம்மா அப்பவே சொல்லல?" என்று அவளிடமே கோபப்பட்டேன்.

"சொன்னேனே. கொட்டகையில எல்லாரும் நிக்கையில, தோள் வலிக்குது, ஒரு வாரம் அரை வாளியா கொண்டாரேன்னு தண்டல்கிட்ட கேட்டேன். 'நான் கல்லே தூக்குறேன், உனக்கு ரெண்டு வாளி கனக்குதா'ன்னு நீங்க சிரிச்சீங்க. பயில்வானே சொல்லிட்டான்னு அவரும் முழு வாளிய தூக்க வச்சாரு."

எனக்கு நினைவு வந்தது. அவள் காண்டாவை இடது தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் சொன்னபடியே செய்தேன். முதலில் மங்கு, பிறகு அரைச் செங்கல். பயில்வான் மங்கு ஆட்டுகிறான் என்று லயமே சிரித்தது. அந்த வருடத் திருவிழாவில் நான் கல் பக்கமே போகவில்லை. கை முழுதாக மேலே எழும்ப ஏழெட்டு மாதம் ஆயிற்று. அதற்கடுத்த திருவிழாவில் கல்லைத் தூக்கினேன், இடது தோளில். ஒரு பலமும் இறங்கவில்லை.

கைதட்டல் அடங்குவதற்குள், தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டிரஸ்ஸர் எழுந்து நின்று, "எல்லாம் நம்ம மருந்து!" என்றாரே பார்க்கலாம்! கல்லை அவர் தலையில் போடாமல் விட்டது அம்மன் புண்ணியம். பேர் வெட்டினால் வெட்டட்டும் என்று கத்திவிட்டேன். "தொட்டுக்கூட பாக்காம விளக்கெண்ணெய் குடிக்க வச்ச ஆளு நீரு! என் தோளைச் சரிபண்ணது அந்தா நிக்கிற தங்கச்சி!" கூட்டம் அவள் பக்கம் திரும்பியது. துரைக்கு என்ன புரிந்ததோ, பேர் மட்டும் வெட்டப்படவில்லை.

நியாயத்தைக் கேட்டுவிட்ட மிதப்பில் அவளிடம் போனேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் குரலைக்கூட உயர்த்தவில்லை.

"டிரஸ்ஸர் செஞ்சதை ஊருக்கே சொல்லிட்டீங்க அண்ணே. கொட்டகையில நீங்க சிரிச்சதை மட்டும் சொல்லலியே."

அதற்குப் பிறகு இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லி, எத்தனையோ தரம் அந்த டிரஸ்ஸரைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். நான் சிரித்த சிரிப்பையும் சேர்த்துச் சொல்வது இதுதான் முதல் தடவை.