தொட்டியில் மிச்சமிருந்த தொள்ளாயிரம் லிட்டர்

மழை விட்ட மூன்றாம் நாள் காலை, அண்ணி பெட்ரோல் பம்பின் நடுவில் முட்டி போட்டு உட்கார்ந்து, தரையில் பதித்திருந்த இரும்பு மூடியைத் திறந்து, நீளமான அளவுக் கம்பியை உள்ளே இறக்கிக்கொண்டிருந்தார். புடவைக்கு மேல் அண்ணனின் பழைய மழைக்கோட்டை மாட்டியிருந்தார். கை நீளம் அதிகமாக இருந்ததால் இரண்டு சுற்றுச் சுருட்டி விட்டிருந்தார். கம்பியை மெல்ல மேலே இழுத்து, ஈரம் எந்தக் கோடு வரை ஏறியிருக்கிறது என்று கண்ணருகே வைத்துப் பார்த்தார். நம்பாமல் துடைத்துவிட்டு இன்னொரு முறை இறக்கினார். பழைய மும்பை சாலையில் வளைவு தாண்டியும் நீண்டிருந்த வரிசையில், முன்னால் நின்றவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தார்கள். அந்த வரிசையில் நிற்கக் கூடாது, நேரே உள்ளே போய்விட வேண்டும் என்ற எண்ணத்தோடு நான் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தது அப்போதுதான்.

அவர் என் மூத்த அண்ணனின் மனைவி. அண்ணனுக்குத் தேஹு ரோட்டில் ராணுவத் தளவாடக் கிடங்கில் வேலை. எங்கள் குடும்பம் வேலூர்ப் பக்கத்திலிருந்து மகாராஷ்டிரத்துக்கு வந்தது. அண்ணியோ இங்கே கட்கியிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க வராது. கோபம் வந்தால் மராத்தி, கடைக்குப் போனால் இந்தி, பிள்ளைகளைக் கொஞ்சுவதற்கு மட்டும் சுத்தமான தமிழ். தொண்ணூறுகளின் நடுவில் அவர் பம்பில் ரசீது எழுதும் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தச் சாலையில் எந்தப் பம்பிலும் பெண்கள் கிடையாது. 'பொம்பள போய் பெட்ரோல் ஊத்துறதா' என்று அம்மா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.  அண்ணி வீட்டுக்கு வந்ததும் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சப்பாத்தி மாவில் கை வைப்பார். அப்படியும் லேசாக ஒரு வாசனை இருக்கும். பொறியியல் கல்லூரியில் என் நண்பர்களிடம், அண்ணி ஒரு எண்ணெய்க் கம்பெனி ஆபீசில் இருக்கிறார் என்று சொல்லிவைத்திருந்தேன். அந்தக் கல்லூரிக்கு நான் போய்வந்த பஸ் பாஸ் அவர் சம்பளத்தில் வாங்கியது.

ரசீது எழுதியவர் சில வருடங்களில் ஒரு ஷிஃப்டுக்கே பொறுப்பாளரானார். அதில் பம்பின் முதலாளிக்கும் பங்குண்டு. அவரை எல்லாரும் சேட் என்றுதான் அழைப்போம். வேறு இரண்டு இடங்களில் 'லேடீஸ் வேண்டாம்' என்று அனுப்பிவிட்ட பிறகு அண்ணிக்கு வேலை கொடுத்தவர் அவர். அண்ணன் முதுகுத்தண்டு அறுவை சிகிச்சைக்குப் படுத்திருந்தபோது தினமும் தன் காரை அனுப்பினார். பொங்கலுக்கு எங்கள் வீட்டில் உட்கார்ந்து, கையில் ஒழுக ஒழுகச் சாம்பார் சாதம் சாப்பிட்டிருக்கிறார். இதைச் சொல்லாமல் மேற்கொண்டு நடந்ததைச் சொன்னால் அவருக்கும் நியாயமாக இருக்காது, அண்ணி அன்று செய்தது எவ்வளவு கடினம் என்பதும் விளங்காது.

2005ஆம் ஆண்டு ஜூலைக் கடைசியில் பெய்த மழையை மகாராஷ்டிரத்தில் இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மும்பை மூழ்கியது. மலைப்பாதையில் மண் சரிந்து சாலை அடைபட்டது, ரயில் நின்றது. எங்கள் பக்கம் பவனா நதி கரையேறி, தாழ்வான தெருக்களில் வீட்டுக்குள் புகுந்தது. மழை ஓய்ந்தபோது வேறொரு கவலை வந்தது. எரிபொருள் டேங்கர்கள் வரவில்லை. எங்கள் வட்டாரத்துப் பம்புகளில் ஒவ்வொன்றாக வழியை மறித்துக் கயிறு கட்டினார்கள். கயிறு கட்டிய ஒரு மணி நேரத்துக்குள் அதே சாலையில் நூறடி தள்ளி, தண்ணீர் பாட்டிலிலும் எண்ணெய் கேனிலும் பெட்ரோல் முளைத்தது. காலையில் இரண்டு மடங்கு விலை, மாலையில் மூன்று மடங்கு. ஆட்டோக்காரர்கள் மீட்டரைத் துணியால் மூடிவிட்டு, வாய்க்கு வந்த தொகையைக் கேட்டார்கள். அவர்களும் பாட்டில் பெட்ரோல்தானே ஊற்றியிருந்தார்கள்.

நான் அப்போது வாகட்டில் புதிதாக எழும்பிய அடுக்குமாடி ஒன்றில் வாடகைக்கு இருந்தேன். ஹிஞ்சேவாடியில் வேலை. மனைவிக்கு எட்டு மாதம் முடிந்து ஒன்பது நடந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி சின்ச்வாடில். வலி எடுத்தால் எதில் கூட்டிக்கொண்டு போவது என்ற கேள்வி மூன்று நாளாக என்னைத் தூங்க விடவில்லை. நண்பன் ஒருவன் தன் மாருதி காரைத் தருகிறேன், பெட்ரோல் மட்டும் நீ ஊற்றிக்கொள் என்றான். அதற்காகத்தான் ஐந்து லிட்டர் கேனைத் தோள்பையில் மறைத்துக்கொண்டு அண்ணியின் பம்புக்குப் போனேன். என் பைக்கும் வறண்டு, கடைசி இரண்டு கிலோமீட்டரைத் தள்ளிக்கொண்டுதான் வந்திருந்தேன்.

அண்ணி கம்பியைத் துடைத்துவிட்டு ஆபீஸ் அறைக்குத் திரும்பினார். நானும் பின்னாலேயே போனேன். வாசற்படியில் என் மார்புக்கு நேரே கையை நீட்டி நிறுத்திவிட்டார்.

"இன்னா தம்பி?"

"அண்ணி, இவளுக்கு எந்த நேரமும் வலி வரலாம். ஒரு அஞ்சு லிட்டர் மட்டும்..."

அவர் என்னைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார். பிறகு வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "லைன்ல நில்லு. எல்லாருக்கும் ரெண்டு லிட்டர்தான். கேன்ல ஊத்த மாட்டோம். சல், போ."

நாற்பது பேர் சிரித்தார்கள். காது மடல் சுட்டது. பைக்கைத் தள்ளிக்கொண்டு வளைவு வரை நடந்து கடைசியில் போய் நின்றேன். அந்த ஒன்றரை மணி நேரமும் அவரைப் பற்றி நான் நினைத்தது எதையும் இங்கே எழுத முடியாது.

ஏறக்குறைய என் முறை வந்த நேரத்தில் சேட்டின் கார் வந்தது. பின்னாலேயே ஒரு டெம்போ வந்து பம்பின் பின்பக்கச் சந்தில் நின்றது. அதில் காலி டிரம்கள். சேட் இறங்கி அண்ணியைத் தூணருகே கூப்பிட்டு இந்தியில் பேசினார். மூன்று வண்டி தள்ளி நின்றிருந்த எனக்கு நன்றாகக் கேட்டது. கயிறு கட்டிவிடு, ஸ்டாக் முடிந்தது என்று சொல்லிவிடு, மிச்சத்தை டிரம்மில் ஏற்ற வேண்டும் என்றார்.

"சேட்ஜி, தொட்டியில் தொள்ளாயிரம் லிட்டர் இருக்கிறது. இவர்கள் காலையிலிருந்து நிற்கிறார்கள்."

"நீ சொல்ல வேண்டாம். நானே சொல்லிக்கொள்கிறேன்" என்றார் சேட்.

 அண்ணி நேரே விலைப் பலகை இருந்த இடத்துக்குப் போனார். அன்றாட விலையைச் சாக்பீஸால் எழுதும் கரும்பலகை அது. ஈரத் துணியால் கீழ்ப்பாதியைத் துடைத்துவிட்டு மராத்தியில் பெரிதாக எழுதினார்: தொட்டியில் தொள்ளாயிரம் லிட்டர் உள்ளது. தலைக்கு இரண்டு லிட்டர். பலகையில் உள்ள விலைதான். ஆம்புலன்சும் பால் வண்டியும் முதலில். எழுதி முடித்ததும் அதை ஒவ்வொரு வரியாகச் சத்தம் போட்டுப் படித்தார். முன்னால் நின்றவர் பின்னால் நின்றவருக்குச் சொல்ல, அந்தத் தொள்ளாயிரம் என்ற எண் வளைவைத் தாண்டி வரிசையின் வால் வரை போவதை நான் காதால் கேட்டேன். இனி அந்தத் தொட்டி காலி என்று யாராலும் சொல்ல முடியாது, முதலாளியாலும்தான்.

சேட்டின் முகம் கறுத்தது. கத்தவில்லை. பக்கத்தில் வந்து, "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

"சரி. இன்றைக்கு நாலு மணி வரை என் ஷிஃப்ட்" என்றார் அண்ணி. சொல்லிவிட்டு, அடுத்த வண்டிக்காரனைக் கையசைத்து முன்னால் வரச் சொன்னார். கார் போனது. சிறிது நேரம் கழித்து டெம்போவும் போனது.

என் இரண்டு லிட்டரை வாங்கிய பிறகும் நான் கிளம்பவில்லை. கூட்டம் எப்படித் திரும்புமோ என்ற பயம் ஒரு பக்கம். கடைசியில் கொஞ்சம் மிஞ்சினால் தருவார் என்ற ஆசை இன்னொரு பக்கம். இரண்டில் எது பெரிது என்று கேட்டால் இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. மதியம் இரண்டரைக்குக் குழாய் காற்றை இழுக்க ஆரம்பித்தது. இன்னும் நூறு வண்டிகளாவது நின்றன. ஒருவன் பம்பின் கண்ணாடியில் ஓங்கிக் குத்தினான். 'ஒளித்து வைத்திருக்கிறாள்' என்று ஒரு குரல் எழுந்தது. அண்ணி அந்தக் குரல் வந்த ஆளையே கூப்பிட்டார். கூடவே ஒரு கிழவரையும் ஒரு கல்லூரிப் பெண்ணையும் அழைத்து, மூடியைத் திறந்து, கம்பியை அந்த ஆள் கையிலேயே கொடுத்தார். அவனே இறக்கி, அவனே எடுத்தான். நுனியில் நாலு விரல் ஈரம். அதை இழுக்கிற குழாய் அவ்வளவு கீழே எட்டாது என்று அண்ணி பொறுமையாக விளக்கினார். கல்லூரிப் பெண் வரிசையைப் பார்த்துத் தலையாட்டினாள். வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அண்ணி நாலு மணி வரை காலி பம்பில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அதுவரை இருக்கவில்லை. திரும்பும் வழியில் புளியமரத்தடியில் ஒருவன் கேன்களை வரிசையாக வைத்திருந்தான். மூன்று மடங்கு விலை. பேரம்கூடப் பேசாமல் ஐந்து லிட்டர் வாங்கினேன். அண்ணி என் கண்ணெதிரே தன் வேலையை விட்டுக்கொடுத்து அரை நாள்கூட ஆகியிருக்கவில்லை.

மறுநாள் காலை அழைப்புமணி அடித்தது. திறந்தால் அண்ணி, கையில் ஒரு துணிப்பையோடு. பால் வண்டியில் ஏறி வந்தாராம். "வேலதான் பூட்சே, ஊட்ல சும்மா குந்திகினு இன்னா பண்றது? பிரசவம் ஆகுற வரிக்கும் இங்கியே இருக்கேன்" என்றார். மனைவி அவர் தோளில் சாய்ந்து அழுதுவிட்டாள். துணி உலர்த்தப் பால்கனிக்குப் போனவர் கேனைப் பார்த்தார். மூடியைத் திருகி ஒரு முறை முகர்ந்தார்.

"மண்ணெண்ண கலந்துகீது தம்பி. காருல ஊத்தாத, இஞ்சின் பூடும்."

எங்கே வாங்கினாய், எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "நீங்க நேத்தே ஆபீஸுக்குள்ள வச்சுக் குடுத்திருந்தா இத வாங்கியிருக்க மாட்டேன் அண்ணி" என்று சொல்லிவிட்டேன்.

அவர் ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டார். "உள்ள வந்திருந்தா குடுத்துதான் இருப்பேன். அதான் வாசப்படியிலயே நிறுத்துனேன்" என்றார். அடுத்த துணியை எடுத்துக்கொண்டே, "ராத்திரி பூரா அதே நெனப்பு. இவளுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நா இன்னா பண்ணியிருப்பேன்?" என்றார்.  அவருக்கும் பயமிருந்தது என்பது அந்த நொடி வரை எனக்குத் தோன்றவே இல்லை. பத்து வருடமாக அவர் சாப்பாட்டைச் சாப்பிட்டவன் நான்.

நாங்கள் பயந்ததெல்லாம் வீண். மூன்றே நாளில் டேங்கர்கள் ஓட ஆரம்பித்தன. அடுத்த வாரம், எல்லாப் பம்புகளிலும் பெட்ரோல் தாராளமாகக் கிடைத்த ஒரு பளிச்சென்ற காலையில், மீட்டர் போட்டு வந்த ஆட்டோவில் போய் மகளைப் பெற்றாள் என் மனைவி. கேனில் இருந்ததை ஒரு மெக்கானிக் இரும்புச் சாமான் கழுவ வாங்கிக்கொண்டான்.

அண்ணிக்கு ஐந்து மாதம் வேலை இல்லை. தளேகாவில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் கேட்டுப் பார்த்தார், அமையவில்லை. அண்ணன் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளின் படிப்போடு குடும்பம் இழுத்துப் பறித்துக்கொண்டு ஓடியது. நான் பணம் கொடுக்கப் போனபோது குழந்தைக்குச் செலவு பண்ணு என்று திருப்பி அனுப்பினார். தை பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பு சேட் வீட்டுக்கே வந்தார். உட்காரவில்லை. ஷிஃப்டில் ஆள் சரியில்லை, வாடிக்கையாளர்கள் உன்னைக் கேட்கிறார்கள் என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. நான் அப்போது அங்கே இருந்தேன். அவர் போனதும், "போகாதீங்க அண்ணி. அந்த ஆள் செஞ்சதுக்கு..." என்று கொதித்தேன்.

"அவரு இன்னா செஞ்சாரு?" என்று கேட்டார் அண்ணி. "தப்பு பண்ணப் பாத்தாரு. நா உடல. அவரு பண்ணல. அவ்ளோதான."

பொங்கல் கழிந்து வேலைக்குப் போனார். ஓய்வு பெறும் வரை அங்கேயேதான் இருந்தார். இப்போது என் வீட்டில் இரண்டு கார்கள் நிற்கின்றன. காரை விட்டுக்கூட இறங்காமல், போனை நீட்டிப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன். எங்காவது வெள்ளம், புயல் என்று செய்தி வந்தால் முதல் ஆளாகப் போய் டேங்க்கை நிரப்பிக்கொள்கிற புத்தி மட்டும் எனக்கு மாறவில்லை. போன மாதம் அண்ணியைப் பார்க்கப் போயிருந்தபோது, இத்தனை வருடம் கேட்காத ஒன்றைக் கேட்டேன். திரும்பி வேலைக்குப் போன முதல் நாள் சேட் என்ன சொன்னார்?

அண்ணி யோசித்துப் பார்த்தார்.

"ஒண்ணும் சொல்லல. டீ சொன்னாரு. ரெண்டு பேரும் குடிச்சோம். அப்பறம் டேங்கர் வந்துச்சி, நா எழுந்து பூட்டேன்."